ஆறிய புண் மீண்டும் திறந்த கதை

சமையற்கட்டில் விரலைக் கத்தி வெட்டிவிடுகிறது. இரத்தம் உறைந்து பக்குக் கட்டுகிறது. சில நாட்களில் பக்கு உதிர்ந்து வடு மட்டும் நிற்கிறது. புண் ஆறிவிட்டதென்று நாம் மறந்துவிடுகிறோம். ஆயினும், அவ்விடத்தில் வேலை முடிந்துவிடுவதில்லை. அவ்வேலையைச் செய்வோர் யாவர் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

தோல், தசை, எலும்பு, இரத்தக் குழாய் ஆகியவற்றைச் சிதறாமல் பிணைத்து நிற்பது இணைப்புத் திசுவாகும். அதனுள் நூற்கும் கதிரைப் போல இருமுனையும் கூம்பிய உயிரணுக்கள் குடியிருக்கின்றன. பைப்ரோபிளாஸ்ட் என்பது அவற்றின் பெயர். கொலாஜன் என்னும் உறுதியான நாரை உண்டாக்குவதே அவற்றின் முக்கியத் தொழில். நம் சரீரத்திலுள்ள புரதத்தில் ஏறத்தாழ கால் பங்குக்குக் குறையாதது இந்தக் கொலாஜனே.

காயம் பட்டதும் வெள்ளணுக்கள் வந்து அவ்விடத்தைச் சுத்தம் செய்கின்றன. சில நாட்களில் பைப்ரோபிளாஸ்டுகள் ஊர்ந்து வந்து, பெருகி, நார் பின்னத் தொடங்குகின்றன. அவற்றுள் சில தசையைப் போலச் சுருங்கும் சக்தி பெற்று, காயத்தின் விளிம்புகளை நெருக்கி இழுக்கின்றன. இவ்வாறு உண்டாகும் வடு, பழைய தோலின் உறுதியில் 100க்கு 80 பங்கு வரையே பெறும்.

கொலாஜன் என்பது மூன்று இழைகள் முறுக்கிய கயிறு. அம்முறுக்கு நிலைக்க ‘சி’ வைட்டமின் வேண்டும். அது இல்லையேல் என்ன நேரும்?

1740இல் ஆன்சன் என்ற ஆங்கிலத் தளபதியின் கப்பல்கள் உலகைச் சுற்றப் புறப்பட்டன. பழமும் காய்கறியுமின்றி மாதங்கள் கழிந்தன. ஸ்கர்வி நோய் கண்டு மாலுமிகள் மடிந்தனர். 1690இல் அயர்லாந்தில் நடந்த பாயின் போரில் காயமுற்ற முதியவர் ஒருவரும் அக்கப்பலில் இருந்தார். ஐம்பதாண்டுகளுக்கு முன் ஆறிய அவருடைய புண்கள் மீண்டும் திறந்துகொண்டன! காரணம் இதுதான்: வடுவிலுள்ள பழைய நார் இடைவிடாது கரைகிறது, புதிய நார் அதன் இடத்தை நிரப்புகிறது. புதியது வராவிட்டால் வடு பிரிந்துவிடும்.

1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஆறு வகை மருந்து கொடுத்துப் பார்த்தார். நாள்தோறும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் தேறினர்.

இதில் நமக்கொரு படிப்பினை உண்டு. புண்பட்டவருக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்கும், புளிப்பு சீழ் பிடிக்கும், பழம் குளிர்ச்சி என்று பத்தியம் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் உள்ளது. அவர்களுக்கே பழம் மிகுதியும் தேவை. வைத்தியர் தடுக்காதவரை கொய்யா, ஆரஞ்சு, பச்சைக் காய்கறிகள் கொடுப்போம்; மீன், முட்டை, பருப்பும் சேர்ப்போம். புகைபிடித்தல் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். ஆதலால் அதை விலக்குவோம். நீரிழிவு உள்ளவர் காலில் சிறு புண் கண்டாலும் உடனே வைத்தியரிடம் காட்டச் செய்வோம்.