பன்னிரண்டு வயசுல பல்லவ ராஜா

மண்டகப்பட்டு குடைவரையை விழுப்புரம் பக்கத்துக்காரங்க நேர்லயே பார்த்திருப்பீங்க. அங்கே உள்ள கல்வெட்டைக் கவனிச்சீங்களா? செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் என்ற அரசன் எடுத்த கோயில், அவ்வளவுதான் செய்தி. விசித்திரசித்தன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். அப்பா சிம்மவிஷ்ணுவின் பெயர் அதில் இல்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அப்பாவுக்கு அப்புறம் மகன், யார் கேட்கப் போறாங்க?

சுமார் 731-ல் இரண்டாம் பரமேஸ்வரவர்மன் இறந்தபோது அந்த நேர்வரிசை நின்றுபோனது. அடுத்து யார்? சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன் வழியில் வந்த இரணியவர்மனிடம் காஞ்சிப் பிரமுகர்களும் கடிகையாரும் (அந்தக் காலத்து காலேஜ் ஆட்கள்னு வெச்சுக்கோங்க) போய்க் கேட்டாங்க. அவருக்கு நாலு பசங்க. பெரியவங்க மூணு பேரும் போகமாட்டேன்னுட்டாங்க. கடைக்குட்டி பல்லவமல்லன், வயசு பன்னிரண்டு, தான் போறதா சொன்னான். இவ்வளவு சின்னப் பையனை அனுப்ப அப்பாவுக்குத் தயக்கம். கடைசியில் சம்மதித்தார். அந்தப் பையன்தான் இரண்டாம் நந்திவர்மன்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோவிலின் திருச்சுற்றுச் சுவரில் பல்லவர் பரம்பரையையே வரிசையாகச் செதுக்கி வெச்சிருக்காங்க. நந்திவர்மன் கதை நடக்கும் இடத்தில் சிற்பங்களுக்குக் கீழே விளக்கமும் உண்டு. அந்தக் கோவிலைக் கட்டினதே நந்திவர்மன்தான்! மகேந்திரனுக்கு ஒரு பட்டப்பெயர் போதுமாக இருந்தது, இவருக்கு ஒரு சுவரே தேவைப்பட்டது.

எகிப்திலும் இதே கதைதான், அதுவும் சுமார் 2,200 வருஷம் முன்னாடி. அங்கே வழக்கமாகப் பட்டத்தரசியின் மகனுக்கே அரியணை. இல்லைன்னா இன்னொரு மனைவியின் மகனுக்கு. அப்படிச் சின்ன வயசிலேயே ராஜாவானவர் மூன்றாம் துட்மோஸ். அவருக்காக ஆட்சியைப் பார்த்துக்கொண்ட சித்தி ஹட்செப்சுட், பிறகு தானே பாரோவாக முடிசூடினார். டேர் எல் பஹ்ரி கோவில் சுவரில், தான் அமுன் கடவுளுக்கே பிறந்த மகள் என்று செதுக்கவும் வெச்சார். இதோட பார்த்தா நம்ம சுவர் எவ்வளவோ அடக்கம்.

ஆனா எல்லாரும் நந்திவர்மனை ஏத்துக்கலை. சித்திரமாயன் என்பவனோடு சேர்ந்த எதிரிகள் அவரைக் கோட்டையில் முற்றுகையிட்டாங்க. தளபதி உதயசந்திரன் வந்து சித்திரமாயனைக் கொன்று மீட்டதை உதயேந்திரம் செப்பேடு சொல்லுது. அதுக்கப்புறம் நந்திவர்மன் ஆண்டது, மொத்தத்தில் சுமார் 65 வருஷம்.