அப்லேசனுக்குப் பின் காய்ச்சலா? கவனம்!

ஏட்ரியல் பிப்ரிலேசன் என்னும் ஒழுங்கற்ற இதயத் துடிப்பு மருந்துக்குக் கட்டுப்படாதபோது, தொடை நாளம் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கோளாறு தொடங்கும் இடத்தைச் சூட்டினாலோ குளிரினாலோ தழும்பாக்குவார்கள். இதுவே கதீற்றர் அப்லேசன். அநேகமானோர் ஓரிரு நாளில் வீடு திரும்பி விடுகின்றனர்.

இதயத்தின் இடது மேலறைக்குப் பின்னால், சில மில்லிமீற்றர் தள்ளி, உணவுக்குழாய் இருக்கிறது. சூடு அங்கே பரவிப் புண்ணானால், நாளடைவில் இரண்டுக்கும் நடுவே துவாரம் விழலாம். மிக அரிது, ஆனால் உயிராபத்தானது. 2004இல் இது தெரியவந்த பின், சிகிச்சையின்போது உணவுக்குழாயினுள் வெப்பமானி வைக்கும் வழக்கம் பரவியது. சூடு இல்லாமல் மின்துடிப்பால் செய்யும் புதிய முறைக்கு ஐரோப்பாவில் 2021இலும் அமெரிக்காவில் 2023 இறுதியிலும் அனுமதி கிடைத்தது. இதில் இந்த ஆபத்து மிகக் குறைவு. எந்த முறை என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

துவாரம் உடனே தெரிவதில்லை. பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களுக்குள் காய்ச்சல், நெஞ்சுவலி, விழுங்கும்போது நோ, வாய் கோணல், பேச்சுக் குழறல் என வெளிப்படும். அதற்குள் அப்பா ஊருக்குப் போயிருப்பார். அங்கே டெங்கு என்று நினைப்பார்கள். பனடோல் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். வைத்தியசாலையில் முதலில் சொல்ல வேண்டியது, "இவருக்கு அப்லேசன் செய்தது" என்பதே. வாய்வழியாகக் கமெரா விடும் எண்டோஸ்கோப்பி வேண்டாம்; உள்ளே ஊதும் காற்று துவாரம் வழியாக மூளைக்குப் போய்விடும். நெஞ்சுக்கு சி.ரி. ஸ்கான் எடுக்கக் கேளுங்கள். சிகிச்சை அறிக்கையின் பிரதியொன்றைப் பாஸ்போட்டுடன் வைத்து அனுப்புங்கள்.