மிமிக்ரியை மூட்டை கட்டின ஜிம் கேரி

ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் ஒருத்தன் இருப்பான். ஹெச்.ஓ.டி. தொண்டையைச் செருமுறதுல இருந்து வார்டன் சாவிக்கொத்தை ஆட்டிக்கிட்டு வர்ற நடை வரைக்கும் அப்படியே செஞ்சு காட்டுவான். கல்ச்சுரல்ஸ்னா மைக் நேரா அவன் கைக்குத்தான் போகும். எங்க ஹாஸ்டல்ல அந்த ஆள் என் ரூம்மேட். போன செமஸ்டர்ல மேடையில பத்து நிமிஷம் பின்னி எடுத்துட்டு ரூமுக்கு வந்தவன், ஷூவைக் கழட்டிக்கிட்டே கேட்டான்: "எல்லாரும் சிரிச்சாங்கடா. ஆனா அது எனக்கா, நான் செஞ்ச நடிகருக்கா?"

எனக்குப் பதில் தெரியல. அவனுக்காகத் தேடப் போய்தான் ஜிம் கேரியோட ஆரம்ப காலத்துல போய் நின்னேன். 'தி மாஸ்க்' படத்துல பச்சை முகத்தோட வருவாரே, அவரேதான்.

ஜிம் கேரின்னாலே வாட்ஸ்அப்ல ஒரு கதை சுத்தும். கையில காசில்லாத காலத்துல தனக்குத்தானே 1 கோடி டாலருக்கு ஒரு செக் எழுதி, 1995-ன்னு தேதி போட்டுப் பர்ஸ்ல வெச்சுக்கிட்டார், அது பலிச்சிடுச்சுன்னு. செக் எழுதினது உண்மை, அவரே டிவியில சொல்லியிருக்கார். ஆனா அந்தக் கதையில நடுவுல இருக்குற பத்துப் பன்னிரண்டு வருஷம் காணாமப் போயிடுது. நாம படிக்க வேண்டியது அந்த நடுப்பகுதியைத்தான்.

1962-ல கனடாவுல, ஒன்டாரியோ மாகாணத்துல பிறந்தவர். நாலு பிள்ளைங்கள்ல கடைக்குட்டி. அப்பா பெர்ஸி நல்லா சிரிக்க வைக்கிற மனுஷன், சாக்ஸஃபோனும் வாசிப்பார். ஆனா குடும்பத்துக்காகப் பாதுகாப்பான வேலைன்னு கணக்கர் வேலையில இருந்தார். ஜிம்முக்கு 12 வயசு இருக்கும்போது அந்த வேலையும் போச்சு. அப்புறம் குடும்பமே ஒரு தொழிற்சாலையில துப்புரவு வேலையும் காவல் வேலையும் பார்த்தது. ஸ்கூல் முடிஞ்சதும் ஜிம்முக்கு அங்க ஷிஃப்ட். கொஞ்ச காலம் வேன்லயே குடித்தனம். பிடிக்காத வேலையிலயும் தோற்க முடியும்ங்கிறதை அப்பாகிட்ட இருந்து கத்துக்கிட்டேன்னு 2014-ல ஒரு பட்டமளிப்பு விழாவுல சொன்னார். கேம்பஸ் இன்டர்வியூக்கு ஃபார்மல்ஸ் தேய்ச்சுக்கிட்டிருக்குற நமக்கு அது கொஞ்சம் உறைக்கும்.

15 வயசுல டொரான்டோவுல 'யுக் யுக்ஸ்' காமெடி கிளப்ல முதல் மேடை. மஞ்சள் கலர் சூட் போட்டுக்கிட்டுப் போனார், அம்மாவோட யோசனை. செம சொதப்பல். கூட்டம் கூச்சல் போட்டு இறக்கி விட்டுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தப்போ ஆள் வேற மாதிரி. கிளின்ட் ஈஸ்ட்வுட், ஜேம்ஸ் டீன்னு ஒரு பட்டியலே வெச்சிருந்தார். மேக்கப் கிடையாது. ஒரு செகண்ட் திரும்பி நிப்பார், முகத்தைக் காட்டும்போது தாடை, புருவம், கன்னம் எல்லாம் அந்த நடிகரோடதா மாறியிருக்கும்.

வேகமா வளர்ந்தார். ராட்னி டேஞ்சர்ஃபீல்ட்ங்கிற பெரிய காமெடியன் தன் ஷோவுக்கு முன்னாடி ஆட்டம் காட்ட இவரைச் சேர்த்துக்கிட்டார். லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்து, 'தி காமெடி ஸ்டோர்' மேடை ஏறினார். 1983-ல ஜானி கார்சனோட 'டுநைட் ஷோ'. அந்தக் காலத்து அமெரிக்க ஸ்டாண்ட்-அப்காரனுக்கு அதுதான் பெரிய வாசல். அங்கயும் செஞ்சது மிமிக்ரிதான்.

பாடமே இங்கதான் மச்சி ஆரம்பிக்குது. நல்லா ஓடிக்கிட்டிருந்த அந்த மிமிக்ரியை 1980களோட நடுவுல அவரே நிறுத்திட்டார். மத்தவங்க மாதிரி செய்யுறவன்னு பேர் எடுக்கப் பிடிக்கல. வேன்ல தூங்கின குடும்பத்துல இருந்து வந்த பையன், காசு கொடுக்குற ஒரே வித்தையைக் கீழ வைக்கிறதுன்னா சும்மாவா? எழுதி வெச்சது எதுவும் இல்லாம மேடையேறி, வாய்க்கும் உடம்புக்கும் வந்ததைச் செஞ்சார். ஈஸ்ட்வுட்டைப் பார்க்க வந்த ஜனம் கடுப்பாச்சு. பல ராத்திரி படுதோல்வி. ஆனா அந்த ராத்திரிகள்லதான் ரப்பர் மாதிரி வளையுற உடம்பு, தேவைக்கு மேல பத்து மடங்கு பொங்குற ஆசாமின்னு நமக்குத் தெரிஞ்ச ஜிம் கேரி உருவானார்.

டிவி முதல்ல கை கொடுக்கல. 'சாட்டர்டே நைட் லைவ்' ஆடிஷன்ல ஏற்கெனவே தேறாம போயிருந்தார். 1984-ல என்.பி.சி. சேனல் 'தி டக் ஃபேக்டரி' தொடர்ல நாயகன் வேஷம் கொடுத்துச்சு. கார்ட்டூன் கம்பெனியில வேலைக்குச் சேர்ற அப்பாவிப் பையன். சுத்தி இருக்கிறவங்க கோமாளித்தனம் பண்ணுவாங்க, இவர் பார்த்துக்கிட்டு நிக்கணும்! புல்லட்டை வாங்கி ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி வெச்ச கதை. 13 எபிசோட்ல தொடர் முடிஞ்சுது. 1985-ல 'ஒன்ஸ் பிட்டன்', 1986-ல 'பெகி சூ காட் மேரீட்'னு படங்கள் வந்துச்சு, ஆனா பெரிய திருப்பம் இல்ல.

'எர்த் கேர்ள்ஸ் ஆர் ஈஸி' படத்துல கூட நடிச்ச டேமன் வேயன்ஸோட பழக்கம்தான் கதவைத் திறந்துச்சு. டேமனோட அண்ணன் கீனன் உருவாக்கின 'இன் லிவிங் கலர்' 1990-ல ஃபாக்ஸ் சேனல்ல வந்துச்சு. பெரும்பாலும் கறுப்பின நடிகர்கள் இருந்த ஸ்கெட்ச் ஷோ. சிட்காம்ல தோத்தவர் இங்க ஏன் ஜெயிச்சார்? என் கணக்கு இது: சிட்காம்ல ஒரே பாத்திரம் வாரக்கணக்கா நம்புற மாதிரி இருக்கணும். ஸ்கெட்ச்ல சில நிமிஷம்தான், முன்னாடி நிஜக் கூட்டம், எவ்வளவு மிகையானாலும் தாங்கும். கிட்டத்தட்ட கிளப் மேடைதான், கேமரா மட்டும் கூடுதல். தீப்பாதுகாப்பு சொல்லித்தர வந்து, தானே எல்லாத்தையும் கொளுத்தி விடுற 'ஃபயர் மார்ஷல் பில்' அங்கதான் பிறந்தார்.

அதுக்கப்புறம் 1994. பிப்ரவரியில 'ஏஸ் வென்சுரா', ஜூலையில 'தி மாஸ்க்', டிசம்பர்ல 'டம்ப் அண்ட் டம்பர்'. முதல் படத்துக்கு வாங்கினது மூன்றரை லட்சம் டாலர், மூணாவதுக்கு 70 லட்சம். 'ஏஸ் வென்சுரா' திரைக்கதையில அவர் பேரும் இருக்குங்கிறதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. தன் உடம்புக்கு என்ன சரிவரும்னு பத்து வருஷமா மேடையில சோதிச்சவர், வேஷத்தைத் தானே தைச்சுக்கிட்டார். 1996-ல 'தி கேபிள் கை' படத்துக்கு 2 கோடி டாலர். அதாவது, அந்த செக்ல எழுதினதைப் போல ரெண்டு மடங்கு. அப்பா 1994-ல இறந்தப்போ அந்த செக்கை அவர் சட்டைப்பையில வெச்சு அனுப்பிட்டார்.

மிமிக்ரி அவரை விட்டு ஒரேயடியா போயிடல. 1999-ல 'மேன் ஆன் தி மூன்' படத்துல ஆண்டி காஃப்மேன்ங்கிற நிஜ காமெடியனா நடிச்சார், கோல்டன் குளோப் கிடைச்சுது. இந்த முறை ரெண்டு நிமிஷத்துக்கு முகம் மாத்துறது இல்ல, ஒரு முழு மனுஷன்.

வீக்எண்ட்ல நெட் கிடைச்சா 1983 'டுநைட் ஷோ' கிளிப், ஒரு 'ஃபயர் மார்ஷல் பில்', அப்புறம் 'ஏஸ் வென்சுரா'வுல பார்சல் பெட்டியை உதைச்சுக்கிட்டே டெலிவரிக்குப் போற முதல் காட்சி, மூணையும் இதே வரிசையில பாருங்க. என் ரூம்மேட்டுக்குப் போட்டுக் காட்டினேன். மூணாவது முடிஞ்சதும் லேப்டாப்பை மூடிட்டு, "அடுத்த கல்ச்சுரல்ஸ்ல நடிகர் வாய்ஸ் எதுவும் பண்ணப் போறதில்லடா"ன்னான். பயமா இருக்கான்னு கேட்டேன். செமயா இருக்குன்னான்.