கோன் செட்: மரை உள்ளதா, இல்லாததா?

வீரகேரளம்புதூர், சிற்றாறும் அனுமன் நதியும் கூடும் ஊர். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் இங்கேயும் காற்றும் அவ்வப்போது சாரலும்தான். நனைந்த ரோட்டில் சைக்கிளின் முன் சக்கரம் வாரி இறைக்கும் சேற்றுத் தண்ணீர், ஃபோர்க்குக்கு மேலே இருக்கும் கீழ்க் கப்பில் போய் விழும். கண்ணில் படாத இடம். கிரீஸ் கழுவிப் போனது யாருக்கும் தெரியாது. ஹேண்டில் நடுவுக்கு வந்ததும் பள்ளத்தில் விழுந்ததுபோல் நிற்கும்போதுதான் கடைக்கு ஓடுகிறார்கள்.

அங்கே இருப்பது உண்மையிலேயே பள்ளம்தான். நேராக ஓட்டும்போது கப்புக்குள் இருக்கும் குண்டுகள் உருளாமல் ஒரே இடத்தில் அதிர்கின்றன. கிரீஸ் விலகி, இரும்போடு இரும்பு உரசி, கப்பில் குழி விழுகிறது. அதன்பின் எவ்வளவு கிரீஸ் அடைத்தாலும் வீண். கப்பும் குண்டும் அடங்கிய கோன் செட்டை மாற்ற வேண்டியதுதான்.

எதை வாங்குவது என்பதில் பாதியை ஃபோர்க் தண்டே தீர்மானித்துவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிள், அப்பா காலத்து ஹெர்குலிஸ், அட்லஸ் வகையறாக்களில் பொதுவாகத் தண்டின் உச்சியில் மரை இருக்கும். தண்டு ஏறத்தாழ ஒரு அங்குலம். இன்றைய கியர் சைக்கிள்கள் பலவற்றில் மரை இல்லை, தண்டு 28.6 மி.மீ. ஜான் ரேடர் என்பவர் உருவாக்கிய இந்த மரையில்லா முறைக்கு 1992-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

மரை வகைக்காரர்களுக்கு அடுத்த கேள்வி: கூட்டில் அடைத்த குண்டா, உதிரிக் குண்டா? கூடு மாட்டுவது எளிது, ஆனால் தலைகீழாகப் போட்டால் தகடு உரசும். உதிரியாக அடுக்கினால் கூடுதல் குண்டுகள் பிடிக்கும், பாரம் பரவும். கிரீஸில் பதித்து, ஒரு குண்டளவுக்குக் கொஞ்சம் இடம் விட்டு நிரப்பினால் போதும். இந்த ஊர் ரோட்டுக்கு உதிரிக் குண்டே மேல். பழையதோடு புதியதைக் கலக்கக் கூடாது. அளவிலும் கவனம் வேண்டும்: ஒரு அங்குலம் என்ற பெயரிலேயே 30.0, 30.2 மி.மீ. என இரண்டு கப்பு அளவுகள் உண்டு. ஃபோர்க்கில் ஏறும் வளையத்திலும் 26.4, 27.0 என வித்தியாசம் இருக்கிறது. தென்காசிக்கோ சுரண்டைக்கோ வாங்கப் போகிறவர், கழற்றிய சாமானைப் பையில் போட்டுக்கொண்டு போவது நல்லது.

சீல் வைத்த பேரிங் விலை கூடுதல். ஆனால் தினமும் மழையில் ஓட்டுகிறவருக்குச் சேற்றைத் தடுக்கும், தேய்ந்தால் பேரிங்கை மட்டும் மாற்றலாம். கியர் சைக்கிளுக்கு இதையே வாங்கலாம். பள்ளிக்கூட சைக்கிளுக்கு இந்தச் செலவு வேண்டாம். சீசன் முடிந்ததும் ஒருமுறை பிரித்துக் கிரீஸ் வைத்தாலே ஓடிவிடும்.

டைட் வைப்பதில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆட்டம் இருக்கிறதே என்று இறுக்கித் தள்ளினால் குழி இன்னும் சீக்கிரம் விழும். மரை வகையில் மேல் கப்பைக் கையால் இறுக்கி, கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, அதை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, லாக் நட்டை இன்னொன்றால் முறுக்க வேண்டும். லாக் நட் முறுகும்போது கப்பும் சற்று இறங்கும் என்பதற்காகத்தான் அந்தத் தளர்வு. பிறகு முன் பிரேக்கைப் பிடித்து சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தால் 'டக்' என்று கேட்கக் கூடாது. முன் சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்டில் தானாகவே ஒரு பக்கம் சாய வேண்டும்.

மரையில்லா வகையில் வரிசை முக்கியம். ஹேண்டிலைத் தண்டோடு இணைக்கும் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தாமல் மேல் மூடியைத் திருகினால் ஒன்றும் நடக்காது. தளர்த்தி, மூடியால் ஆட்டத்தை எடுத்து, ஹேண்டிலை நேராக்கி, அதன்பின் பக்கவாட்டு போல்ட்டுகளை இறுக்க வேண்டும். ஹேண்டிலைப் பிடித்திருப்பவை இந்த போல்ட்டுகளே. மூடியின் வேலை ஆட்டத்தை எடுப்பதோடு சரி. மூடி இறங்க இடம் வேண்டும் என்பதால் தண்டு ஸ்டெம்மின் மேல் விளிம்புக்கு 2, 3 மி.மீ. கீழேதான் முடிய வேண்டும். புது ஃபோர்க் என்றால் முதலில் நீளமாகவே வெட்டி, ஸ்பேசர் போட்டுச் சில வாரம் ஓட்டிப் பார்க்கலாம். உயரம் ஒத்துவந்தபின் மிச்சத்தை அறுத்துக்கொள்ளலாம்.