சுருக்கினாலும் போகாத 3

கேள்வி: (எக்ஸ்² − 9) / (எக்ஸ்² − 5எக்ஸ் + 6) என்ற கோவையைச் சுருக்கினால் (எக்ஸ் + 3) / (எக்ஸ் − 2) வருகிறது. அதில் 3-ஐப் போட்டால் ஜம்மென்று 6 கிடைக்கிறது. பிறகு ஏன் மதிப்பகத்திலிருந்து 2-ஓடு 3-ஐயும் விலக்கச் சொல்கிறார்கள்?
— பத்தாம் வகுப்பு மாணவி, பாப்பிரெட்டிப்பட்டி

பதில்: பொம்மிடி ரயில் நிலையத்துக்கு 300 ரூபாய்க்கு ஆட்டோ பேசுகிறீர்கள். மூன்று பேர் என்றால் தலைக்கு 100. ஆளே ஏறாத ஆட்டோவில் தலைக்கு எவ்வளவு? கேள்வியே நிற்காது. பகுதி பூஜ்யமானால் அதே கதைதான்.

இப்போது உங்கள் கணக்கு. பகுதியைக் காரணிப்படுத்தினால் (எக்ஸ் − 2)(எக்ஸ் − 3). சுருக்கும்போது மேலும் கீழும் (எக்ஸ் − 3)-ஆல் வகுத்தீர்கள் இல்லையா? எக்ஸ் 3 ஆக இருந்தால் அது பூஜ்யத்தால் வகுத்ததாகிவிடும். அடித்த கையோடு 3-உம் போய்விட்டதாக நினைப்பதுதான் வழக்கமான சறுக்கல்.

3.1-ஐப் போட்டுப் பாருங்கள்: பழைய கோவையில் 0.61 / 0.11, சுருக்கியதில் 6.1 / 1.1. இரண்டும் ஒன்றே. சரியாக 3-இல் மட்டும் பழையது 0/0 என்று நிற்கும். வரைபடத்தில் அங்கே ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை. 2-இல் நடப்பது வேறு: அதை நெருங்க நெருங்க வளைவு ஒரு பக்கம் வானத்துக்கும் மறுபக்கம் பாதாளத்துக்கும் ஓடும்.

கி.பி. 628-இல் கணித மேதை பிரம்மகுப்தரே 0/0 பூஜ்யம்தான் என்று தவறாக எழுதிவைத்தார். குழம்பியதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. பரீட்சையில் முதலில் பகுதியைப் பூஜ்யமாக்கும் எண்களை எழுதிவிட்டு, அப்புறம் சுருக்குங்கள்.