தூளைக் கூட்டாதீர்கள், முதலில் தேயுங்கள்

பிளீச்சிங் பவுடர் போட்ட சில நாளிலேயே மேல்நிலைத் தொட்டியில் நாற்றம் திரும்பினால், அடுத்த முறை இன்னும் இரண்டு கைப்பிடி சேர்த்துப் போடுவது பலரின் வழக்கம். பலன் இருக்காது. தொட்டிச் சுவரை உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் அங்கேதான் கோளாறு.

பாக்டீரியாக்கள் தாங்களே சுரந்த பிசினுக்குள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு வாழும் படலம் அது. குளோரினில் பெரும்பகுதி அந்தப் பிசினோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும். அடியில் இருக்கும் கிருமிக்குப் போய்ச் சேருவது சொற்பம். போதாததற்கு, தொட்டித் தண்ணீரில் அவற்றுக்குத் தீனியும் குறைவு. பட்டினி கிடந்தால் நோஞ்சானாகிவிடும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறு. ஈ.கோலையையே எடுத்துக்கொள்ளுங்கள். உணவு தீர்ந்ததும் அது பெருகுவதை நிறுத்தி, உடலைச் சுருக்கிக்கொள்ளும். டி.பி.எஸ். என்ற புரதத்தை ஏராளமாகச் செய்து தன் டி.என்.ஏ.வை இறுகப் பொதிந்துவிடும். பசியைத் தாங்கச் செய்த இந்த ஏற்பாடே குளோரினையும் தாங்க உதவுகிறது. தின்று கொழுத்துப் பெருகிக்கொண்டிருக்கும் கிருமிதான் சுலபமாகச் சாகும்.

அதனால் தூளுக்கு முன்னால் பிரஷ். தொட்டியைக் காலி செய்து, அடி வண்டலை அள்ளிவிட்டு, சுவர், மூலை, மூடியின் உட்புறம் எல்லாவற்றையும் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். மூடியின் உட்புறத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு 1000 லிட்டர் தொட்டிக்கு சுமார் 150 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் ஊற்றித் தொட்டியை நிரப்புங்கள். குழாய்களிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்துவிட்டு மூடுங்கள். குழாய்க்குள்ளும் அதே படலம் உண்டு. ஓர் இரவு முழுவதும் விட்டு வடித்து, நன்றாக அலசுங்கள். அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது.

இந்த 150 கிராம் தொட்டியைச் சுத்தம் செய்ய மட்டுமே. அன்றாடத் தண்ணீருக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் அளவே போதும். கலந்து அரை மணி நேரமாவது கழித்துப் புழங்குங்கள். திறந்து வைத்த பழைய பொட்டலம் வேண்டாம், காற்றும் ஈரமும் பட்டால் குளோரின் போய்விடும்.

சீக்கிரம் வெளுக்கட்டும் என்று பாத்ரூம் ஆசிட்டை மட்டும் பிளீச்சிங் பவுடரோடு சேர்த்துவிடாதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு, தொட்டிக்குள் இறங்கியவர் உயிரையே பறித்துவிடும்.