புண்ணின் மேல் புதுத்தோல் படரும் விதம்

மும்பை மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள தென்னிந்திய உணவகங்களில் வாழையிலை அன்னம் பரிமாறுவதற்குரியது. அங்கிருந்து வடக்கே சிறிது தூரத்தில், சயானிலுள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி பொது மருத்துவமனையில், அதே இலை தீப்புண்ணின் மேல் கட்டாகப் பயன்பட்டது. டாக்டர் மாதுரி கோரேயும் அகோலேகரும் இது குறித்த ஆய்வுகளை 2003-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தோலின் முழு ஆழத்தையும் எரிக்காத தீப்புண்களின் மேல், கிருமி நீக்கப்பெற்ற இலை கட்டப்பட்டது. இலையின் மெழுகுப் பரப்பு புண்ணில் ஒட்டவில்லை. கட்டை மாற்றுகையில் வலியும் மிகக் குறைவாயிருந்தது. இங்கு இலை மருந்தன்று. புண்ணை ஆற்றியது நோயாளியின் தோலே. அது எவ்வாறு ஆற்றுகிறது என்பதை அறிந்தால், புண்ணுக்குச் செய்யத்தக்கது எது, தகாதது எது என்பது விளங்கும்.

புறத்தோலின் அடிவரிசை உயிரணுக்கள் கீழேயுள்ள மெல்லிய படலத்தை இறுகப் பற்றி நிற்பவை. காயம் ஏற்பட்ட ஓரிரு நாட்களுக்குள், புண்ணின் விளிம்பிலுள்ளவை அப்பிடியைத் தளர்த்தி, தட்டையாகி, வெற்றிடத்தை நோக்கி ஊர்ந்து செல்லத் தொடங்குகின்றன. பின்னாலுள்ளவை பிளவுற்றுப் பெருகி, புதிய உயிரணுக்களைத் தருகின்றன. கண்ணும் செவியும் இல்லாத இவற்றுக்குச் செய்தி எப்படி எட்டுகிறது?

உயிரணுவின் மேலுறையில் ‘ஏற்பிகள்’ எனப்படும் புரதங்கள் பதிந்துள்ளன. ஏற்பியின் ஒரு முனை வெளியேயும் மறுமுனை உள்ளேயும் இருக்கும். உரிய பொருள் வெளிமுனையில் பொருந்தியதும், உள்முனை மாறுதலடைந்து செய்தியை உட்செலுத்துகிறது. செய்தி செல்வதற்கு அப்பொருள் உள்ளே நுழைய வேண்டியதில்லை. வகுப்பில் இதற்குப் பூட்டும் சாவியும் உவமையாகக் கூறப்படுவது வழக்கம். வாயில் மணியின் பொத்தான் இன்னும் பொருத்தமாகும் என்பது எம் கருத்து.

இப்பொருள்களுள் முதன்மையானது ‘புறத்தோல் வளர்ச்சிக் காரணி’. அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி கோஹென் இதனைச் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்து, 1962-இல் அறிவித்தார். பிறந்த எலிக்குட்டிகளுக்கு இதைச் செலுத்தியபோது, அவை வழக்கமான நாளுக்குப் பல நாட்கள் முன்னதாகவே கண் திறந்தன. இப்பணிக்காக 1986-இல் ரீட்டா லெவி-மொன்டால்சினியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். காயத்தில் முதலில் குவியும் இரத்தத் தட்டணுக்களும் இக்காரணியை வெளியிடுகின்றன. இது வந்து பொருந்தியதும், அடுத்தடுத்துள்ள இரு ஏற்பிகள் இணைந்து, ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அதன் விளைவாக ‘நகர்க’, ‘பெருகுக’ என்னும் ஆணைகள் உள்ளே பரவுகின்றன. ‘இன்டெக்ரின்’ என்னும் வேறுவகை ஏற்பிகள் நடக்கும் பாதங்களைப் போன்றவை. புண்ணின் தரையிலுள்ள கொல்லாஜன், பைப்ரோனெக்டின் ஆகியவற்றைப் பற்றியும் விட்டும் உயிரணுவை முன்னே இழுத்துச் செல்கின்றன.

திசையைக் காட்டுவதில் மின்சாரத்துக்கும் பங்குண்டு. தோல் அறுபட்ட இடத்தில் மெல்லிய மின்னோட்டம் எழுகிறது. இதனை டு பொய்ஸ்-ரேமான் என்னும் ஜெர்மானியர் 19-ஆம் நூற்றாண்டிலேயே தமது விரற்காயத்தில் அளந்தறிந்தார். சுற்றுப்புறத்தை நோக்க, புண்ணின் நடுப்பகுதி எதிர்மின் தன்மையுடையது. கருவிழியின் புறத்தோல் உயிரணுக்களை மின்புலத்தில் வைத்துச் சோதித்தபோது, வளர்ச்சிக் காரணியின் ஏற்பிகள் எதிர்மின் முனையை நோக்கிய பக்கத்தில் திரண்டன. உயிரணுக்களும் அத்திசையிலேயே நகர்ந்தன.

இவை யாவற்றுக்கும் ஈரம் இன்றியமையாதது. லண்டனில் ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் தோலில் செய்த சோதனைகளை 1962-இல் வெளியிட்டார். பாலிதீன் படலத்தால் மூடப்பட்ட புண்களில், காற்றில் உலரவிட்ட புண்களைவிட ஏறக்குறைய இருமடங்கு வேகமாகப் புதுத்தோல் படர்ந்தது. உலர்ந்த புண்ணில் பொருக்கு கட்டுகிறது. உயிரணுக்கள் அதற்கடியில், ஈரமுள்ள ஆழத்தில், நொதிகளால் கொல்லாஜனை அறுத்து வழி செய்துகொண்டு போக வேண்டியுள்ளது. ‘காற்றுப்பட விடு, பொருக்குத் தட்டட்டும்’ என்று நம் வீடுகளில் கூறப்படும் யோசனை இக்காரணத்தால் ஏற்கத்தக்கதன்று. உலர்ந்த துணி புண்ணில் ஒட்டிக்கொள்ள, அதனைப் பிய்த்தெடுக்கும்போது அப்போதுதான் படர்ந்த தோலும் உடன் வந்துவிடுகிறது. வாழையிலை இவ்விரு தீங்குகளையும் தவிர்த்தது. பம்பாயில் டாக்டர் கேஸ்வானி 1985-இல் அறிவித்த, வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலாலான கட்டின் பயனும் இதுவே.

களப்பணியாளர் ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். மேற்கூறியவை மருத்துவமனையில் கிருமி நீக்கிக் கட்டப்பட்டவை. தோட்டத்தில் அறுத்த இலை கிருமியற்றதன்று. அதனைப் புண்ணில் போடுமாறு கூறலாகாது. சுட்ட உடனே, ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடங்கள் காட்டுதல் வேண்டும்; பனிக்கட்டி கூடாது. பற்பசை, மை, மாவு முதலியன புண்ணின் ஆழத்தை மருத்துவர் காண முடியாதபடி மறைத்துவிடும். ஆழத்தை அறிவது முக்கியம். ஏனெனில் மேலோட்டமான தீப்புண்ணில் மயிர்க்கால்களின் அடியிலும் உயிரணுக்கள் எஞ்சியிருப்பதால், புதுத்தோல் தீவுதீவாக எழுந்து ஒன்றுகூடும். முழு ஆழமும் கருகிய இடத்தில் விளிம்பிலிருந்து மட்டுமே படர இயலும். அகன்ற புண்ணாயின் அது எட்டாது. தோல் ஒட்டுச் சிகிச்சை தேவைப்படும்.

நீரிழிவு நோயாளரின் காற்புண்ணில் இடையூறு வேறு. அங்கே ஏற்பிகள் இருந்தும், நெடுநாளாக நீடிக்கும் அழற்சியில் பெருகும் நொதிகள் வளர்ச்சிக் காரணியைச் சிதைத்துவிடுகின்றன. மரபணு முறையில் தயாரித்த காரணியைக் களிம்பாகத் தடவி இந்தியாவில் நடத்தப்பெற்ற சோதனையை விஜய் விஸ்வநாதன் முதலியோர் 2006-இல் வெளியிட்டனர். தடவப்பட்ட புண்கள் விரைவில் ஆறின. எனினும் காலுக்கு இரத்த ஓட்டம் குன்றியிருந்தாலோ, சீழ் அகற்றப்படாவிட்டாலோ, புண்ணின் மேல் உடலின் பாரம் ஓயாது அழுந்தினாலோ, களிம்பு மட்டும் பயன் தருவதில்லை.